ஜில்லாவிலேயே முதல்

"பெத்த பிள்ளையை மரமண்டைன்னு சொல்லுத தாயை இன்னைக்குத்தான் பாக்கேன்!"

பாத்திரக்கடை பெத்துராஜுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கூட வந்திருந்தவர் கணக்கு டீச்சர் ஞானபூரணம்.

இருவரும் நல்ல சேதியோடுதான் வந்திருந்தார்கள். திருநெல்வேலியில் நடந்த கணக்குப் போட்டியில் பத்தாம் வகுப்பு முத்துத்தாய் ஜில்லாவிலேயே முதல். சங்கரன்கோவில் வியாபாரிகள் எல்லாம் சேர்ந்து அவளுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். பெத்துராஜ்தான் செயலாளர். விழா என்று வந்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம், மைக் இருந்தால் போதும்.

முத்துத்தாயின் அம்மா பேச்சித்தாய் தலை நிமிராமல் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏதோ குருட்டாம்போக்குல போட்டிருப்பா. அவளுக்கு ஒண்ணும் ஏறாது டீச்சர். விழாவெல்லாம் வேண்டாம்."

"என்னம்மா இப்படிப் பேசுதீங்க? காலேஜ் வரைக்கும் போக வேண்டிய பிள்ளை. நாலு பேர் கைதட்டினாத்தானே மேல படிக்க வைக்க உங்க வீட்டுக்காரருக்கும் தைரியம் வரும்?" என்றார் டீச்சர்.

பேச்சித்தாய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நோட்டீஸ்ல அவ பேரை மட்டும் போடாதீய டீச்சர். உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"ஏன், என்ன விஷயம்?"

அதற்குள் அவள் புருஷன் வீரபாண்டி மண்வெட்டியும் கையுமாக வயலிலிருந்து வந்துவிட்டார். பேச்சித்தாய் கப்பென்று வாயை மூடிக்கொண்டாள்.

சேதியைக் கேட்டதும் அந்த மனுசனுக்கு முகமெல்லாம் பல்.

"எம் மவளா? ஜில்லாவுலயேவா? அவ ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டான்னுல்லா இவ சொல்லிக்கிட்டு இருந்தா! ஜாம் ஜாம்னு நடத்துங்க அண்ணாச்சி. ராயகிரியில எங்க அக்கா இருக்கு. அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிரணும்."

"ஆள் விட்டே சொல்லிருதேன்" என்றார் பெத்துராஜ்.

தெருவில் இறங்கியதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்? அப்பனுக்கு இருக்கிற சந்தோசம் ஆத்தாளுக்கு இல்ல. மவ படிக்கப் போயிட்டா காம்பு கிள்ள ஆள் இருக்காதுல்லா, அந்த வயித்தெரிச்சல்!"

டீச்சர் தலையாட்டினார். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

ரதவீதி நாலிலும் சைக்கிள் ரிக்‌ஷாவில் குழாய் கட்டி அலறவிட்டார் பெத்துராஜ். "நம்ம ஊர் பெற்றெடுத்த கணித மேதை! செல்வி முத்துத்தாய்!"

விழாவுக்குக் கூட்டமான கூட்டம். முத்துத்தாய் மாலைக்குள் முகம் புதைந்து நின்றாள். போட்டோக்காரர் எவ்வளவோ சொல்லியும் சிரிக்கவில்லை. கூச்சப்படுகிறாள் என்று மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பேச்சித்தாய் வரவேயில்லை.

"அவளும் ஒரு தாயா?" பெண்கள் பக்கம் முழுக்க இதே பேச்சு.

ராயகிரி அக்கா மட்டும் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். விழா முடிந்ததும் டீச்சரைத் தேடி வந்தாள்.

"நெசமாவே நல்லாப் படிப்பாளா டீச்சர்? ஒண்ணும் ஏறாதும்பாளே அவ அம்மா?"

"அந்தம்மா கிடக்கு. படிக்க விட்டா இவ இன்ஜினியராவே ஆயிருவா, பாத்துக்கிடுங்க."

"அம்புட்டுப் படிப்பா?"

"பின்னே?"

அக்கா தலையை ஆட்டிக்கொண்டே போய்த் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அத்தைக்காரிக்காவது அக்கறை இருக்கிறதே என்று டீச்சருக்கு மனசு குளிர்ந்துபோனது.

திங்கட்கிழமை முத்துத்தாய் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அந்த வாரம் பூராவும் வரவில்லை.

பெத்துராஜ் விழாப் போட்டோவுக்குக் கண்ணாடி போட்டு எடுத்துக்கொண்டார். டீச்சரும் கூடப் போனார். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா விசேஷம்?"

பேச்சித்தாய்க்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"முத்துத்தாய்க்குக் கல்யாணம். ராயகிரி மதினியோட மவன்தான் மாப்பிள்ளை."

"ஐயோ! அப்ப பத்தாங்கிளாஸ் பரீட்சை?" டீச்சர் பந்தலுக்குள் வந்தார். "இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கு இப்ப என்ன அவசரம்?"

"கெட்டிக்காரின்னு தெரிஞ்சதுதான் அவசரம். மாப்பிள்ளை எட்டாங்கிளாஸ் பெயிலு. 'இவ மேல படிச்சிட்டா எம் மவனை மதிப்பாளா, ஆவணி முதல் முகூர்த்தத்துல தாலி ஏறியாகணும்'னு மதினி ஒத்தைக்கால்ல நின்னுட்டா. அக்கா சொல்லுக்கு மறுசொல்லு கிடையாதே இவருக்கு."

உள்ளே முத்துத்தாய் விசும்பும் சத்தம் கேட்டது. பெத்துராஜ் போட்டோவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதை அன்னைக்கே எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லா தாயி?"

"அவர் வந்து நிக்கையில எப்படிச் சொல்ல? பிள்ளை பெரியவளான அன்னைக்கே மதினி பொண்ணு கேட்டு வந்தா. 'இவளுக்குத்தான் ஒண்ணும் ஏறலியே, தானா பெயிலாயி வீட்டுல வந்து உக்காருவா, அப்பக் கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னேன். அவளும் நம்பிட்டுப் போனா."

பேச்சித்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மக்கு மக்குன்னு சொல்லித்தான் அண்ணாச்சி மூணு வருசமா எம் மவளைப் படிக்க வச்சேன். நீங்க கெட்டிக்காரின்னு மைக்ல சொல்லி ஒரே சாயங்காலத்துல நிப்பாட்டிட்டீய."