தீர்த்தத்தோடு ஒன்று

"ஓரமா போங்கய்யா, ஓரமா!"

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். காவிரிப் பாலத்தில் ஒரு வண்டியும் ஓரம் போவதாக இல்லை.

பின் சீட்டில் சடகோபன் மனைவியின் தலையை மடியில் தாங்கிக் கன்னத்தைத் தட்டினார். வத்ஸலாவின் கன்னம் ஈரத்துணி மாதிரி சில்லென்றிருந்தது. கண் திறக்கவில்லை.

"அப்பா, அம்மாவோட மாத்திரை எல்லாம் எடுத்துண்டேளா?" என்றாள் மகள் ஜாஹ்னவி.

"ம்."

இரண்டு டப்பாக்கள். ஒன்று தைராய்டு மாத்திரை. விடியற்காலையில் அதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, காபிக்காகக் கடிகாரத்தை முறைத்தபடி உட்கார்ந்திருப்பாள் வத்ஸலா. இன்னொன்று வெள்ளை டப்பா. உள்ளே பச்சை காப்ஸ்யூல்கள்.

அந்த இரண்டாவது டப்பாவைத்தான் சடகோபன் விரல் வெளுக்க இறுக்கியிருந்தார்.

தைராய்டு மாத்திரைக்கு மசியாத களைப்பு அவளுக்கு. மார்கழியில் செல்போன் வீடியோவில் வந்த ஒருவன், "உங்களுக்கு இருக்கறது தைராய்டு மட்டும் இல்லம்மா, அட்ரினல் சோர்வு" என்று சொல்லி, மூலிகை என்று இந்தக் காப்ஸ்யூலைக் கூரியரில் அனுப்பி வைத்தான்.

"மூஞ்சி தெரியாதவன் குடுக்கறதை முழுங்குவியா?" என்று குதித்தார் சடகோபன்.

"மூஞ்சி தெரிஞ்ச நீங்க இத்தனை வருஷமா என்ன குடுத்தேள்? கஷாயம்தானே?" என்றாள் வத்ஸலா.

அதோடு வாதம் முடிந்தது.

அந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் பெருமாளுக்குக் காட்ட வேண்டும். மாத்திரைக்கும் விலக்கு இல்லை. வெள்ளை டப்பா பெருமாள் அலமாரியில் குடியேறியது. சடகோபன் தினமும் திருவாராதனம் முடித்துத் தீர்த்தம் கொடுக்கும்போது, அவள் உள்ளங்கையில் ஒரு காப்ஸ்யூலையும் வைப்பார். அவள் டப்பாவைத் தொட்டதே கிடையாது.

மருந்து வேலை செய்தது. அதுதான் வேடிக்கை. கன்னம் உப்பியது. சித்திரைத் தேரன்று தேருக்குப் பின்னாலேயே வீதி முழுக்க நடந்தாள். திரும்பி வந்து அடுப்பு மூட்டித் தளிகையும் பண்ணினாள்.

சரிவு அதற்கப்புறம்தான். வாந்தி, தலைசுற்றல். எழுந்து நின்றால் கண் இருட்டியது. இன்று காலை பெருமாளை விழுந்து சேவித்தவள் எழுந்திருக்கவே இல்லை.

தில்லைநகர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர் பஸீலா வெள்ளை டப்பாவுக்காகக் கை நீட்டினார். சடகோபனின் விரல்கள் உடனே விடவில்லை. டாக்டர் லேசாக இழுக்க வேண்டியிருந்தது.

"பேரும் இல்ல, ஊரும் இல்ல. என்ன சொல்லி வித்தாங்க?"

"அட்ரினல் சோர்வுக்குன்னு," என்றாள் ஜாஹ்னவி.

"அப்படி ஒரு வியாதியே எங்க படிப்புல இல்லங்க. ஆனா மூலிகைன்னு சொல்லி ஸ்டீராய்டைக் கலந்து விக்கிறது உண்டு. அம்மா கன்னத்தைப் பாருங்க, எப்படி உப்பியிருக்கு. மாசக்கணக்கா அதைச் சாப்பிட்டா உடம்பு தானாச் சுரக்கறதை மறந்துடும். திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் பிரஷர் விழும்." டாக்டர் நிமிர்ந்தார். "நிறுத்திட்டாங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்லை டாக்டர். அப்பா கையாலதான் குடுப்பார். நேத்திக்கும் குடுத்தார். இல்லையாப்பா?"

"குடுத்தேன்," என்றார் சடகோபன்.

பொய் இல்லை.

"மேடம், பிரஷர் எழுபது," என்றாள் நர்ஸ் லிசி. "இன்னும் இறங்குது."

டாக்டர் டப்பாவை மேஜையில் வைத்தார். "அப்ப அது இல்ல. ரத்தத்துல கிருமி ஏறியிருக்கலாம். ஹார்ட்டாவும் இருக்கலாம். ஸ்கேனுக்குக் கொண்டு போங்க."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெருமாளுக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டார்.

ஸ்ட்ரெச்சரின் கம்பியைச் சடகோபன் எட்டிப் பிடித்தார்.

"நில்லுங்கோ. அது நின்னு போச்சு டாக்டர். தேருக்கு மறுநாளே."

"அப்பா! என்ன உளர்றேள்? தினம் நீங்கதானே குடுக்கறேள்!"

டாக்டர் அந்தச் சண்டைக்குக் காத்திருக்கவில்லை. "லிசி, ஹைட்ரோகார்ட்டிசோன்! ஓடுங்க!"

ஊசி ஏறியது. சலைன் வேகமாக இறங்கியது. யாரும் யாரையும் பார்க்காமல் எல்லோரும் மானிட்டரையே பார்த்தார்கள். எழுபது அங்கேயே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு எழுபத்தைந்து. எண்பத்திரண்டு.

வத்ஸலாவின் இமை அசைந்தது.

டாக்டர் பஸீலா மூச்சை விட்டார். அப்புறம்தான் திரும்பினார்.

"சொல்லுங்க சார். இத்தனை நாளா அவங்க கையில என்னத்தைத்தான் வெச்சீங்க?"

சடகோபன் மேஜையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு காப்ஸ்யூலை எடுத்தார். இரண்டு விரல்களால் ஒரே திருகு. ஓடு இரண்டாகக் கழன்றது. ஒரு துகள்கூடச் சிந்தவில்லை. எத்தனையோ முறை செய்து பழகிய திருகு. ஜாஹ்னவி அதைப் பார்த்துவிட்டாள்.

டாக்டரின் உள்ளங்கையில் கரும்பச்சைத் தூள் விழுந்தது. அவர் முகர்ந்து பார்த்தார். புருவம் சுருங்கியது.

"அவன் அனுப்பின பொடியைக் கொட்டிட்டேன். கண்டதையும் தின்னு உடம்பைக் கெடுத்துக்கறாளேன்னு..." என்றார் சடகோபன். "இது பெருமாளுக்குச் சாத்தின துளசி. நிழல்ல உலர்த்தி, சலிச்சு, நானே ஒவ்வொண்ணா நிரப்பினேன்."