தலைவர் நலமாக இருக்கிறார்

சிவக்கொழுந்தின் கணவர் மூன்று தடவை எம்.எல்.ஏ.வாக இருந்து கட்சித் தலைவரானவர். அவர் இறந்து ஒரு மாதமாகிறது. கட்சிக்காரர்கள் சாவை மறைத்து, எங்கே என்று அவளுக்குக்கூடச் சொல்லாமல் புதைத்துவிட்டார்கள். மேடைதோறும் இப்போது கணினியில் உருவாக்கிய அவருடைய ஒளியுருவம்தான் முழங்குகிறது.

"தேர்தல் முடியட்டும் அண்ணி. அதுவரைக்கும் பூவும் பொட்டுமா இருங்க," என்று பொதுக்கூட்ட மேடையருகே மாவட்டச் செயலாளர் மல்லிகைச் சரத்தை நீட்டினார்.

அதைப் பிடுங்கி அவர் முகத்திலேயே விட்டெறிந்தாள் சிவக்கொழுந்து. விறுவிறுவென்று மேடையேறி ஒளியுருவத்தின் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க, உங்கள எங்கதான் புதைச்சானுங்க? அதையாவது சொல்லித் தொலைங்க!"

உருவம் கைகூப்பியது. ஓட்டுக் கேட்கும்போது அவர் குழைவாரே, அதே குரல்.

"மனுவா எழுதிக் கொடுங்க தாயே. கண்டிப்பா கவனிக்கிறேன்."