பன்னிரண்டாவது வள்ளம்

“ஓடிட்டு இருக்க கம்ப்யூட்டரத் தொடாண்டாம்னு தலைபாடா அடிச்சேன்லா? கேட்டியளா?”

மீனவர் சங்கத் தலைவர் சிலுவை போட்ட சத்தம் கோயில் வரை கேட்டிருக்கும். திட்டு வாங்கியது பெமிலா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியது போக, சங்கத்துக் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிறவள். சம்பளமெல்லாம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளம்.

மீன்பிடிக்கப் போகும் ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு பெட்டி உண்டு. வள்ளம் எங்கே நிற்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். கரையில் இந்தக் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, கடல் படத்தில் புள்ளியாகக் காட்டும். நேற்று வரை காட்டியது. சாயங்காலம் டீச்சர் புதுசாக ஏதோ ஏற்றினாள், அவ்வளவுதான், இன்றைக்குத் திறக்கவே மாட்டேன் என்கிறது.

வெளியே கச்சான் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மதியமே இருட்டிவிட்டது. வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். கடலில் பன்னிரண்டு வள்ளம். துறைமுகத்தில் மீட்புப் படகு தயார். எந்தப் பக்கம் போக என்று கேட்டு மூன்று தடவை போன் வந்தாயிற்று.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று சிலுவையின் மகன் ரிஜோவுடையது. ரிஜோவின் மனைவி ஜாஸ்மி வாசலில் ஜெபமாலையோடு நின்றாள்.

“அந்தப் புரோகிராம சோர்ஸ்ல இருந்து மறுபடி முழுசா பில்ட் பண்ணிட்டேன் அண்ணே. பில்ட் நல்லா முடிஞ்சுது. ஓட விட்டா, அதுக்கு வேண்டிய லைப்ரரி ஃபைல் இல்லைங்குது,” என்றாள் டீச்சர்.

“பன்னெண்டு வீடு உயிரக் கையில பிடிச்சிட்டு நிக்கு. நீங்க லைப்ரரி தேடுதியளா?”

டீச்சர் தப்பாக அடித்தாள், அழித்தாள், திரும்ப அடித்தாள். அதே பிழை. ஒருத்தர் செத்தாலும் நம் தலையில்தானே விடியும் என்று நினைத்தாள்.

“எனக்க மவன் கடல்ல கெடக்கான். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கள சும்மா விடமாட்டேன்!”

டீச்சர் லைப்ரரி ஃபோல்டரைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். ஒரு வரி மட்டும் சிவப்பாகக் கிடந்தது.

“கெடச்சிட்டு! ஃபைல் இருக்கு அண்ணே. புதுசு வந்ததும் அதுக்க பேர்ல நம்பர் மாறிட்டு. வழி காட்டுத லிங்க் மட்டும் பழைய பேரையே காட்டுது. ஆளு வீடு மாறின பெறவும் பழைய வீட்டுக் கதவத் தட்டுத மாதிரி.”

“கத சொல்லாண்டாம். ஓடுமா, ஓடாதா?”

பழைய லிங்கை அழித்தாள். புதுப் பேருக்கு ஒன்று போட்டாள். ஒரே வரிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு என்டரைத் தட்டினாள்.

கடல் படம் விரிந்தது. ஒரு புள்ளி. மூன்று. ஏழு.

“மாதாவே!” டீச்சர் அழுதேவிட்டாள். போனை எடுத்து ஒவ்வொரு வள்ளமாகத் துறைமுகத்துக்கு இடம் சொன்னாள்.

பதினொன்றோடு நின்றுபோனது.

“டீச்சரே, அவருக்க வள்ளம் எங்க?” ஜாஸ்மி உள்ளே வந்துவிட்டாள்.

“இன்னும் எங்கயோ தப்பு இருக்கு. நாந்தான் கெடுத்துட்டேன் ஜாஸ்மி, எல்லாம் என்னாலதான்…” டீச்சர் எல்லாவற்றையும் மூடி, முதலிலிருந்து தேட ஆரம்பித்தாள். பன்னிரண்டாவது எங்கே, எங்கே என்று துறைமுகத்திலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை நேரம் குதித்த சிலுவை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“தேடாண்டாம் டீச்சர். கம்ப்யூட்டர்ல ஒரு கொறையும் இல்ல. நம்ம மீன் புடிக்க எடம் மத்தவனுக்குத் தெரியப்பிடாதுன்னு, பெட்டிய ஆஃப் பண்ணிட்டுப் போவ காலைல அவன்ட்ட சொன்னது நாந்தான்.”