பத்தொன்பது கற்கள்

"மறுபடியும் கலைச்சிட்டான் பாவி!"

மலை விளிம்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் தையற்காரர்.

போன வருடம் இந்த இடத்தில்தான் அவருடைய ஒரே மகள் பனிமூட்டத்தில் தவறி விழுந்தாள். வயது பத்தொன்பது. அவள் நினைவாக மாதம் ஒரு முறை கடையைப் பூட்டிவிட்டு மூச்சு வாங்க ஏறி வருவார். பத்தொன்பது கற்களைப் பொறுக்கி, முழங்கால் உயரத்துக்கு அடுக்கிவிட்டுப் போவார்.

அடுத்த மாதம் வந்து பார்த்தால் ஒரு கல் மேல் ஒரு கல் இருக்காது. இது நாலாவது தடவை.

நாடு முழுக்கக் காடு, மலை, பழைய கோட்டை என்று தேடித் தேடி வாங்கிக் காப்பாற்றும் அறக்கட்டளைக்குச் சொந்தமான மலை அது. அங்கே போன் போட்டும் கத்தியாகிவிட்டது.

"முந்நூறு வருஷத்துச் சுவரையெல்லாம் பொத்திப் பொத்திக் காப்பாத்துறீங்க. என் பொண்ணுக்கு அடுக்கின கல்லைக் காப்பாத்த முடியலையா?"

"பார்க்கச் சொல்றோம் ஐயா."

பார்த்த லட்சணம்தான் தெரிகிறதே! தானே பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். கற்களை அடுக்கினார். ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினார். கொண்டுவந்த ரொட்டி தீர்ந்தது, கால் மரத்துப்போனது. அவர் அசையவில்லை.

மூன்று மணிக்குக் கல் உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பச்சைச் சட்டை. மார்பில் அறக்கட்டளையின் முத்திரை. மலையைக் காவல் காக்கும் பெண்ணேதான் ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தூரப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! வேலியே பயிரை மேயுதா? அது என் பொண்ணு நினைவா வெச்சதும்மா! நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நீங்க... அந்தப் பொண்ணோட அப்பாவா?"

"ஆமா. எதுக்குக் கலைச்சே? சொல்லு!"

"ஐயா, மூட்டம் வந்தா இங்க பாதை தெரியாது. வழி நெடுக நாங்க அடுக்கியிருக்கிற கல்லைப் பார்த்துத்தான் எல்லாரும் நடப்பாங்க. பாதையை விட்டு விலகி இங்க ஒண்ணு இருந்தா, இதையும் நம்பி வந்துடுவாங்க. நாலடி தள்ளினா பள்ளம்."

"சும்மா சாக்கு சொல்லாதே! இவ்ளோ பெரிய மலையில ஒரே ஒரு குவியல். பெத்தவன் வெச்சது, பாவம்னு விட்டிருக்கக் கூடாதா?"

கையில் இருந்த கல்லோடு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"விட்டேன் ஐயா. போன வருஷம் இதே இடத்துல யாரோ ஒரு மகன் அவங்க அம்மாவுக்காக அடுக்கியிருந்தார். மேல் கல்லுல 'அம்மா'ன்னு எழுதியிருந்தது. கலைக்கத்தான் வந்தேன். படிச்சதும் மனசு கேட்கலை. பாவம்னு விட்டுட்டுப் போயிட்டேன்."

தையற்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

"அப்புறம்?"

"மறுநாள் மூட்டம். 'அதோ கல்லு தெரியுது, பாதை இந்தப் பக்கம்தான்'னு சொல்லிட்டு முன்னால போனாளாம். கூட வந்த தோழி என்கிட்ட சொல்லி அழுதா. உங்ககிட்ட வந்து சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரலை... உங்க பொண்ணு ஐயா அது."