குறுக்கே வந்த கார்

பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த குட்டி டர்போ காரை வாங்கி வந்து தமயந்தி ஒரு வருடம் பாடுபட்டாள். இன்ஜின் உறுமியது, கியர் சொன்னபடி கேட்டது. ரோட்டில் யாராவது முறைப்பார்கள், போட்டிக்கு வருவார்கள் என்று நினைத்திருந்தாள்.

அவினாசி ரோட்டில் ஏறியதும் தானோட்டிக் கார்கள் விலகிக்கொண்டன. மனிதர் ஓட்டும் வண்டிக்கு ஐம்பது மீட்டர் இடம் விட வேண்டும் என்பது விதி. அவள் விரட்டினால் வேகமாக விலகின; ஹாரன் அடித்தால் இன்னும் தள்ளிப் போயின. உள்ளே இருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் காலி ரோட்டில் ஓட்டிவிட்டுத் திரும்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்து ஒன்றிலிருந்து இன்னொரு பழைய கார் இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே பாய்ந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் மிச்சம்.

அந்தக் காரை ஓட்டி வந்த நரைமீசைக்காரர் ஹாரனை அழுத்தியபடியே தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

"வீட்ல யாரும் இல்லீங்க."

அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். இருபுறமும் தானோட்டிக் கார்கள் ஐம்பது மீட்டர் தள்ளிச் சத்தமில்லாமல் நின்றன.

"நாளைக்கும் இந்தப் பக்கம் வருவீங்களா?" என்று கேட்டார்.