கண்ணாடிக்கு உள்ளே

மாமனார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார்.

அவள் கையில் விரித்த பட்டுச்சேலை அப்படியே நின்றது.

பகலில் உள்ளே இருப்பவர்களுக்கு ரத வீதி தெரியும். வீதியில் நிற்பவர்களுக்கு அவரவர் முகம்தான். அப்படிப்பட்ட கண்ணாடி, தரையிலிருந்து நாலு மாடிக்கு.

இந்த ஜவுளிக்கடை எழும்புவதற்கு முன்னால், அவர் நிற்கிற இடத்தில் நின்றால் கோபுரம் தெரியும். மறைக்காதே என்று மூன்று நாள் பட்டினி கிடந்தவர்களில் அவரும் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து விசிறியவள் அவள்தான்.

கடை எழும்பிவிட்டது. இந்தப் பக்கமே இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தைரியத்தில்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். புருஷனுக்கு வேலை போயிருந்தது. வீட்டில், பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடையில் வேலை என்று சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கு அவள் மகளுக்குப் பிறந்த நாள். பேத்திக்காகக் கும்பிட வந்திருப்பார்.

கண்ணை மூடிக் கும்பிட்டார். கோபுரம் இருக்கிற திசைக்கு.

நடுவில் அவள். கடைச் சீருடைச் சேலையில். மாரில் கடைப் பேர் குத்தி.

“ஏட்டி, நம்ம கடையையே சாமின்னு கும்பிடுதாரு பாரு, கிறுக்குத் தாத்தா.” பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த கோமு சொன்னாள்.

எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் அது தன் சத்தம் என்று தெரிந்தது.

சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். “வாசலை மறிச்சிக்கிட்டு நிக்காரு. நீ போய்த் தள்ளி நிக்கச் சொல்லும்மா.”

கதவைத் தள்ளினாள். வெயில் முகத்தில் அடித்தது. அவர் பக்கத்தில் போய் நின்றாள்.  

அவர் கண்ணைத் திறந்தார்.

கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவள் சேலையை, குத்தியிருந்த பேரை, எல்லாம் கண்ணாடியிலேயே பார்த்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

கூப்பிய கை மெல்ல இறங்கியது.

“உள்ள போம்மா. ஏசுவாவ.”

அவ்வளவுதான். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்தார். முதுகு கூட்டத்தில் மறைகிற வரைக்கும் அவள் நின்றாள்.

உள்ளே ஏசி குளிர்ந்தது.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சூப்பர்வைசர் சொன்னார். “பாத்தியளா. சத்தம் இல்ல, சண்டை இல்ல, பெரியவரு தன்னால போயிட்டாரு. நாளைலேருந்து வாசல்ல நீயே நில்லும்மா.”

சரி சார் என்றாள்.