புகார் கொடுக்க ஆள் இல்லை

"என் மேல ஒரே ஒரு புகார் குடுங்கன்னு கேக்குறேன். அது கூடவா உங்களால முடியாது?"

ஹால்வர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். ஓர்லாவின் காபிக் கடையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில், அடுத்தவனை வாஷிங்டன் மத்திய அரசிடம் காட்டிக் கொடுத்தவன் அப்புறம் தலை நிமிர்ந்து நடமாட முடியாது.

"யோவ், நான் இந்த ஊர் ஷெரீஃப், இங்க போலீஸே நான்தான்," என்றார் டெல்பர்ட். "மத்திய அரசு ஆளுங்களுக்கு நான் வழி கூடச் சொல்றதில்ல. நானே போய் உன்னைப் பிடிச்சுக் குடுக்கணுமா?"

"பிடிச்சாதானேய்யா கேஸ் நடக்கும்."

ஹால்வர் துப்பாக்கி செய்கிறவர். இரும்பு, கட்டை, திருகாணி எல்லாமே மொன்டானாவில் செய்தவை. விற்பதும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான். மாநிலம் விட்டு மாநிலம் நடக்கிற வியாபாரத்தில்தான் மத்திய அரசு தலையிடலாம், எல்லை தாண்டாத துப்பாக்கிக்கு அவர்களிடம் எதற்கு உரிமம் என்பது அவர் வாதம். மனிதர் அரசியல் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். வழக்கும் போட்டுப் பார்த்தார். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மத்திய அரசு உங்களை இதுவரை ஒன்றும் செய்யவில்லையே, செய்த பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து உரிமம் இல்லாமல் விற்றுக்கொண்டு, யாராவது பிடிக்க வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஈ காக்கை வரவில்லை.

"ஓர்லா, நீயாவது?"

"கொல்லைப்பக்கம் கரடி வந்தப்போ என்னைக் காப்பாத்தினதே உன் துப்பாக்கிதான். நான் என்ன அவ்வளவு நன்றி கெட்டவளா? காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பு."

தொங்கிய முகத்தோடு வீடு திரும்பியவரை மனைவி பெர்தா ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு இந்த வழக்கே பிடிக்காது.

"உரிமத்தை வாங்கித் தொலைச்சா என்ன குறைஞ்சு போகும்? கண்டவன் கையில துப்பாக்கி போகாம இருக்க யாராவது கேள்வி கேக்கத்தானே வேணும்."

"அதை மொன்டானா கேக்கட்டும். கரடி வந்தா வாஷிங்டன்லேர்ந்தா ஓடி வருவாங்க?"

"இந்த வயசுல ஜெயிலுக்குப் போகணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?"

"ஜெயிலுக்கு ஆசைப்படல பெர்தா. நான் சொல்றது சரியா தப்பான்னு ஒரு நீதிபதி வாயால கேட்டுட்டுச் சாகணும். தப்புன்னா அன்னிக்கே உரிமம் வாங்கிடுறேன். நீ ஒரு போன் பண்ணினா..."

"நானா? செத்தாலும் மாட்டேன். சாப்பிட வா."

ஒரு வாரம் கழித்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மத்திய அரசு அதிகாரி. ஆள் மிகவும் களைத்துப் போயிருந்தார். உரிமம் இல்லாமல் இனி ஒரு துப்பாக்கி விற்றாலும் கைது என்று சொல்லி நோட்டீஸை நீட்டினார்.

ஹால்வர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இனி எந்த நீதிபதியும் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"புகார் குடுத்த புண்ணியவான் யாருங்க?"

"யார் குடுக்கலன்னு கேளுங்க," என்று அதிகாரி பெருமூச்சு விட்டார். "ஒரு வாரமா போனைக் கீழ வைக்க முடியல. ஒருத்தர் குரலை மாத்திப் பேசுறார், பின்னாலேயே 'ஷெரீஃப், காபி ஆறுது'ன்னு ஒரு அம்மா கூப்பிடுறாங்க. அடுத்த போன் அந்த அம்மாகிட்டேர்ந்து. எல்லாரும் ஒரே பாட்டுதான், 'என் பேரை மட்டும் ஹால்வர்கிட்ட சொல்லிடாதீங்க'."

ஹால்வர் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதிகாரி இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா இவங்க எல்லாருக்கும் முன்னாடி, ரெண்டு மாசமா, நீங்க காபிக் கடைக்குக் கிளம்பினதும் உங்க வீட்டு நம்பர்லேர்ந்தே தினமும் ஒரு அம்மா பேசுறாங்க. புகாரைச் சொல்லி முடிச்சதும், 'என் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு, ஜெயில்ல உப்பைக் குறைச்சுப் போடுவீங்களா'ன்னு கேட்டு அழறாங்க."